முதலில் கல்லறை, பிறகு தேவாலயம்: போடி மலைக்கு மேலே ஓர் ஆங்கிலிக்கன் கோயில்

தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் பழைய கிறிஸ்தவக் கோயில்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரம் புரிந்துவிடும். கத்தோலிக்கக் கோயில்கள் கிடைக்கும். ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று கம்பீரமாகவே கிடைக்கும். சி.எஸ்.ஐ. ஆலயங்களும் உண்டு. ஆனால் அந்த சி.எஸ்.ஐ. ஆலயங்களின் பூர்வீகத்தை விசாரித்தால் இங்கிலாந்துக்குப் போகாது, அமெரிக்காவுக்குத்தான் போகும். திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கு ஊர் ஆங்கிலிக்கன் கோபுரம் தெரிகிற மாதிரி இங்கே ஏன் தெரிவதில்லை?

காரணம் ரொம்ப எளிமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் மிஷன்கள் ஊர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. ஒருவர் வேலை செய்கிற இடத்தில் இன்னொருவர் போய்க் கடை விரிப்பதில்லை என்பது ஏற்பாடு. திருநெல்வேலி இங்கிலாந்துச் சங்கங்களுக்கு. மதுரை வட்டாரம் அமெரிக்கன் மதுரை மிஷனுக்கு. யாழ்ப்பாணத்தில் வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834-ல் மதுரைக்கு வந்து தொடங்கியது இது. பெரியகுளம் அவர்களுடைய முக்கியமான நிலையங்களில் ஒன்று. பெரியகுளத்திலிருந்து மலையேறித்தான் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள்.

அந்த அமெரிக்கர்கள் காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தவர்கள். பிஷப் கிடையாது, சபையார் கூடித் தங்கள் காரியங்களை முடிவு செய்வார்கள். ஆங்கிலிக்கன் மரபு இதற்கு நேர் எதிர். இங்கிலாந்து அரசரைத் தலைவராகக் கொண்ட திருச்சபை, அச்சிட்ட ஜெபப் புத்தகம், ஒவ்வொரு காரியத்துக்கும் பிஷப் கையெழுத்து. கோயில் கட்டினால் பிஷப் வந்து பிரதிஷ்டை செய்யணும். கல்லறை நிலத்துக்கும் அப்படியே. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, நம்ம பக்கத்தில் பழைய ஆங்கிலிக்கன் கோயிலைப் பார்க்கணும்னா மலையேறணும். ஏறுவதற்கு இரண்டு வழி. கம்பத்திலிருந்து குமுளி வழியாகப் பீர்மேடு போனால் குட்டிக்கானம் அருகே பள்ளிக்குன்று புனித ஜார்ஜ் ஆலயம். ஹென்றி பேக்கர் என்ற இளைய பேக்கர் 1869-ல் கட்டியது. போடியிலிருந்து போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போனால் மூணாறு கிறிஸ்து ஆலயம். இந்தக் கட்டுரை மூணாறைப் பற்றியது. ஆனால் கதை தொடங்குவது பள்ளிக்குன்றில் புதைக்கப்பட்ட ஒரு மனிதரிடமிருந்து.

பூஞ்ஞாறு ராஜா கொடுத்த மலை

ஜான் டேனியல் மன்றோ. பள்ளிக்குன்றுக் கல்லறைத் தோட்டத்தில் அவரோடு அவருடைய டௌனி என்ற வெள்ளைக் குதிரைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேரளத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அவர் 1877 ஜூலை 11-ல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். ஏறத்தாழ 227 சதுர மைல். பூஞ்ஞாறு வம்சம் தங்களை மதுரைப் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்கிற வம்சம். அதனால் இந்த மலைக்கும் மதுரைச் சீமைக்கும் உள்ள உறவு தேயிலைக்கு ரொம்ப முந்தியது.

1879-ல் தோட்டக்காரர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கப்புறம்தான் துரைமார்கள் ஒவ்வொருவராக மேலே வந்து காப்பி, சிங்கோனா, தேயிலை என்று போட்டுப் பார்த்தார்கள். எந்த வழியாக வந்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். நிலம் திருவிதாங்கூருடையது. ஆனால் அரிசி, உப்பு, ஆள், கடிதம் எல்லாம் ஏறி வந்தது போடியிலிருந்து. கொட்டகுடி ஆற்றங்கரை, குரங்கணி, அங்கிருந்து செங்குத்தான ஏற்றம். போடி சுமார் 350 மீட்டர் உயரம், மூணாறு சுமார் 1,500 மீட்டர். நடுவில் இருக்கிற மலையைத் தலைச்சுமையாலும் கழுதையாலும் மட்டத்தாலும்தான் கடந்தார்கள். மட்டம் என்றால் குட்டைக் குதிரை.

1894 டிசம்பர்

எலினார் இசபெல் மே நைட். ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட் என்ற தோட்ட அதிகாரியின் மனைவி. வயது 24. மூணாறுக்கு வந்த கொஞ்ச நாளில் கணவரோடு ஒரு குன்றின் மேல் நின்று சுற்றிப் பார்த்தாராம். "நான் செத்தால் இங்கேயே புதையுங்கள்" என்றாராம். 1894 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்குகிற சமயத்தில், காலரா கண்டு இறந்துபோனார். அவர் காட்டிய அந்தக் குன்றிலேயே புதைத்தார்கள்.

குன்றின் மேல் நின்று சொன்ன வார்த்தையை ஊர்க்கதை என்று வைத்துக்கொள்வோம். இளம் வயதில் இறந்தவர்களைப் பற்றி இப்படி ஒரு முன்னறிவிப்புக் கதை எல்லா ஊரிலும் உண்டு. கல்லறையும் காலராவும் கதை அல்ல.

அந்தக் காலத்தில் காலரா என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கிருமியை ராபர்ட் காக் அடையாளம் காட்டிப் பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. உப்பு நீரை நரம்பில் ஏற்றிக் காப்பாற்றுகிற முறையைக் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் செம்மைப்படுத்தியது அடுத்த நூற்றாண்டில். 1894-ல் காலரா வந்தால் துரைக்கும் வைத்தியம் கிடையாது, கூலிக்கும் கிடையாது. அதே வருஷம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியாறு அணை வேலை முடிகிற தறுவாயில் இருந்தது. 1895 அக்டோபரில் திறந்தார்கள். அங்கேயும் காய்ச்சலும் காலராவும் ஆட்களைக் கொண்டுபோயின. பென்னிகுவிக் பிழைத்து ஊர் திரும்பி, 1911-ல் இறந்து, இங்கிலாந்தில் பிரிம்லி கிராமத்துப் புனித பேதுரு ஆலயத்தில் புதைக்கப்பட்டார். ஒரே மலைத்தொடரில் வேலை பார்த்த இரண்டு குடும்பங்கள். ஒன்றுக்குச் சொந்த நாட்டுக் கிராமக் கோயில் முற்றத்திலேயே இடம் கிடைத்தது. இன்னொன்றுக்குக் கோயிலே இல்லாத ஒரு குன்றில் குழி வெட்ட வேண்டியிருந்தது.

கோயில் இல்லாத கல்லறைத் தோட்டம்

வழக்கமாக ஆங்கிலிக்கன் கிராமம் என்றால் முதலில் கோயில் இருக்கும், அதன் முற்றத்தில் கல்லறை வரும். மூணாறில் தலைகீழ். எலினாரின் கல்லறைக்குப் பிறகு அந்தக் குன்றில் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். 1900 ஏப்ரல் 15 அன்று, திருவிதாங்கூர்-கொச்சி பிஷப் நோயல் ஹாட்ஜஸ் வந்து அந்த நிலத்தைக் கல்லறைத் தோட்டமாகப் பிரதிஷ்டை செய்தார். அன்று ஈஸ்டர் ஞாயிறு. கோயில் என்று ஒரு செங்கல்கூட அப்போது இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை கவனியுங்கள். சாமான் வருவது போடியிலிருந்து. பிஷப் வருவது கோட்டயத்திலிருந்து. மூணாறு திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்ததால் 1879-ல் உண்டான திருவிதாங்கூர்-கொச்சி அத்தியட்சாதீனத்தின் கீழ் வந்தது. கீழே பெரியகுளத்தில் இருந்த அமெரிக்கப் போதகர்கள் பக்கத்தில்தான். ஆனாலும் பிஷப்புக்கு அவர் மலைநாட்டைச் சுற்றிக்கொண்டு வரணும்.

முதல் கல்லறைக்கும் கோயிலுக்கும் நடுவில் 16 வருஷம் இடைவெளி. இது ஏன் என்பதுதான் என்னை இந்தக் கோயிலைப் பற்றி எழுத வைத்த கேள்வி. பக்தி குறைவு என்று சொல்லிவிடலாம். தோட்டத்துரைகளைப் பற்றி அப்படிச் சொன்னால் யாரும் மறுக்கவும் மாட்டார்கள். ஆனால் தேதிகளை வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

தேதிகள் சொல்வது

1897-ல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனியைத் தொடங்கியது. தனித்தனி ஆட்கள் வைத்திருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாக ஒரே கைக்கு வந்தன. அதுவரை மூணாறு துரைமார் நாலு வருஷம் சம்பாதித்துவிட்டுப் போகிறவர்கள். கம்பெனி அப்படி இல்லை, இருக்க வந்தது.

1902-ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி. ஒரு சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், சாயாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு சக்கரம் பக்கத்துத் தரையில் ஓடும், இழுப்பது மாடு. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கும். நடுவில் ஒரு நிலையம், அடியில் ஒரு நிலையம். குரங்கணிக்கு மேலே இன்றும் ஒரு ஊருக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர். ரயில் வராத ஊருக்கு எதற்கு இந்தப் பெயர் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். அடியில் கொட்டகுடி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி.

1908-ல் மாடு போய் நீராவி எஞ்சின் வந்தது. இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம். இதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1910 மார்ச்சில், கோயிலுக்கு ஏ.கே. முயர் அடிக்கல் நாட்டினார். ஃபின்லே நிறுவனம் முயர் குடும்பத்தின் கையில் இருந்தது. 1911 ஏப்ரல் 16, மறுபடியும் ஈஸ்டர் ஞாயிறு, கோயில் திறந்தது. அப்போது பிஷப் சார்லஸ் ஹோப் கில்.

கல்லறைக்கு ஒரு குழியும் ஒரு ஜெபமும் போதும். கோயிலுக்கு நிரந்தர ஜனம் வேணும், பணம் வேணும், கனமான சாமானை மேலே கொண்டுவர வழி வேணும். மூன்றும் ஒன்றாகக் கூடி வந்தது கம்பெனியும் கம்பிவடமும் ரயிலும் வந்த பிறகுதான். மூணாறு கிறிஸ்து ஆலயத்தை எல்லோரும் கல்லறைக் காதல் கதையாகவே எழுதுகிறார்கள். என் கணக்கில் அது ஒரு பாதையின் கதை. அந்தப் பாதையின் கீழ் முனை போடி.

கட்டடம்

கோயில் சின்னதுதான். கருங்கல் சுவர், கூர்மையான வளைவு கொண்ட சன்னல்கள், வண்ணக் கண்ணாடி, உள்ளே மர பெஞ்சுகள், சுவரில் பித்தளை நினைவுத் தகடுகள். பார்த்தவுடன் இங்கிலாந்துக் கிராமம் ஒன்று ஞாபகம் வரணும் என்றே கட்டியது.

இந்த பாணிக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கு. சென்னைக் கோட்டையில் புனித மேரி ஆலயம் 1680-ல் கட்டியது. கூர் வளைவே கிடையாது. 1815-ல் கட்டிய புனித ஜார்ஜ் பேராலயத்தில் கிரேக்க, ரோமானியத் தூண்கள். அப்போது அதுதான் நாகரிகம். லண்டனில் எப்படியோ சென்னையில் அப்படி. 1830-களுக்குப் பிறகு இங்கிலாந்தில் காற்று மாறியது. பியூஜின் போன்றவர்கள் "தூண் வைத்துக் கட்டுவது அஞ்ஞானிகள் கோயில், கிறிஸ்தவக் கோயில் என்றால் இடைக்காலத்துக் கூர் வளைவுதான்" என்று வாதாடினார்கள். கேம்பிரிட்ஜில் 1839-ல் இதற்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பிறகு ஆங்கிலேயர் போன இடமெல்லாம், மலை, பாலைவனம் என்று பாராமல், கூர் வளைவு போய்ச் சேர்ந்தது. மூணாறு அந்த அலையின் கடைசி நுரைகளில் ஒன்று.

ஆனால் சமவெளியில் பொருந்தாத அந்த பாணி இங்கே பொருந்திப்போனது. மதுரை வெயிலில் கனத்த கல்சுவரும் ஒடுங்கிய சன்னலும் உள்ளே புழுக்கம் தரும். தென்மேற்குப் பருவமழை சாட்டையால் அடிக்கிற மூணாறில் அதே ஒடுங்கிய சன்னல் சாரலைத் தடுக்கும். சரிந்த கூரை தண்ணீரை நிற்கவிடாது. கூர் வளைவு மேல்பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளாமல் கீழ்நோக்கி இறக்கும். கருங்கல்லுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை, மலையே கருங்கல்தான்.

உள்ளே போகிறவர்கள் பித்தளைத் தகடுகளை நிதானமாகப் படியுங்கள். அவர் இந்த எஸ்டேட் மேனேஜர், இவர் இத்தனை வயதில் இறந்தார் என்று இருக்கும். வெறும் புகழ்ச்சி மாதிரித் தெரியும். வயதுகளை மட்டும் கவனித்துப் படித்தால் இந்த மலை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

தகடு இல்லாதவர்கள்

துரைமாருக்குத் தகடு. தகடு படிக்கிற நேரத்தில் நமக்கு வேறு ஒரு கூட்டமும் ஞாபகம் வரணும். காட்டை வெட்டியவர்கள், தேயிலை நட்டவர்கள், தலைச்சுமையாய் அரிசி சுமந்தவர்கள். போடி, தேவாரம், கம்பம், அதற்கும் தெற்கே திருநெல்வேலிச் சீமை வரை கங்காணிகள் போய் முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்த ஜனங்கள். முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டு ஓடினால் அது கடன் பாக்கி அல்ல, குற்றம். 1859-ம் வருஷத்து 13-வது சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் அப்படித்தான் வைத்திருந்தது. இறங்கி ஓடி வந்து போடியில் ஒளிந்தாலும் அந்தச் சட்டம் அங்கே காத்திருக்கும்.

1894-ல் காலரா மேலே ஏறி வந்தது எலினார் ஒருவருக்காக இல்லை. ஒரே தண்ணீரைக் குடித்த லைன் வீடுகளில் யார் யார் போனார்கள் என்று கல்லில் எழுதுவார் இல்லை. பிஷப் பிரதிஷ்டை செய்த நிலம் வேலியோடு நின்றுவிட்டது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண்மேடாய் இருந்து கரைந்துபோனவர்களும் அந்த வருஷத்து ஜனங்கள்தான்.

கோயிலைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கல்லில் இருப்பதை மட்டும் சரித்திரம் என்று எடுத்துக்கொண்டால் போடிப் பாதையில் ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேர் காணாமல் போய்விடுவார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பாதை போனது, கோயில் நின்றது

1924 ஜூலையில் பெருவெள்ளம். மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பார்கள். குண்டளை ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது; திரும்பக் கட்டவே இல்லை. குன்றின் மேல் இருந்த கோயில் தப்பியது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. மேலே ரயில் இருந்த காலத்தில் கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்திருந்தால் போடி எப்படி ஆகியிருக்கும் என்று நம்ம பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் எல்லாம் ஒன்று சேர்ந்தன. பிஷப் வேண்டாம் என்ற அமெரிக்க மரபும், பிஷப் இல்லாமல் ஒரு குழி நிலம்கூடப் புனிதமாகாது என்ற ஆங்கில மரபும் ஒரே கூரைக்குள் வந்தன. போடி ஆலயமும் மூணாறு ஆலயமும் அன்று முதல் ஒரே திருச்சபை.

அது நடந்து ஒன்பது வருஷத்தில் வேறு ஒரு கோடு விழுந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரணும் என்று நடந்த போராட்டம் பலிக்கவில்லை. 1956 நவம்பர் 1 முதல் மூணாறு கேரளம். போடிமெட்டில் சோதனைச் சாவடி.

ஆனால் கோயிலுக்குள் நடந்தது வேறு. துரைமார் கிளம்பிப் போன பிறகு அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் தோட்டத்து ஜனங்கள் உட்கார்ந்தார்கள். இப்போது அங்கே தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஆராதனை நடக்கிறது. தமிழ் ஆராதனையில் பாடுகிற பலருடைய பாட்டன், பூட்டன் குரங்கணி ஏற்றத்தில் ஏறி வந்தவர்களாக இருப்பார்கள். ஸ்காட்லாந்துத் துரைமாருக்காகக் கட்டிய கூரைக்கு அடியில் இன்று தேனி மாவட்டத்துப் பேச்சு ஒலிக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. எல்லோரும் கோயிலைப் பார்த்து, படம் எடுத்து, நேரம் இருந்தால் பின்னால் ஏறிக் கல்லறையைப் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் குன்றில் ஏறி எலினார் நைட்டின் கல்லறைக்குப் போங்கள். பிறகு இறங்கி வந்து கோயிலுக்குள் நுழையுங்கள். கட்டியது அந்த வரிசையில்தான். நேரம் இருந்தால் அங்கிருந்து டாப் ஸ்டேஷன் போய்க் கிழக்கே எட்டிப் பாருங்கள். மேகம் இல்லாத நாளில் கீழே நம்ம ஊர் தெரியும். பாதிச் சரிவில் ஒரு சின்ன ஊர் இருக்கும், அதுதான் சென்ட்ரல் ஸ்டேஷன்.